அத்தைக்குப் படைத்த புடவை

எங்கள் வீட்டில் ரேடியோவுக்குப் பதில் சொல்லும் ஆள் ஒருத்தி இருந்தாள். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் என்றால் பின்கட்டிலிருந்து ‘வணக்கங்க’ என்று குரல் வரும். அவர் அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று சொன்னால், ‘அது போதுமாங்க?’ என்று அக்கறையாக விசாரிப்பாள். இது மட்டும் என்றால் நாங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ரேடியோவை நிறுத்திய பிறகும் அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் என்பதுதான் சிக்கல். அவள் என் அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை.

அப்பாவுக்கு ஆவடியில், ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எண்பதுகளின் நடுவில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. தெருத்தெருவாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். மஞ்சள் சுவர், பச்சைக் கதவு, முன்னால் ஒரு படி, பின்னால் சிமெண்டு முற்றம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது அங்கே அடிக்கடி நடக்கிற வேடிக்கை. என் அப்பாவே ஒருமுறை எதிர்த் தெரு வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் காபி கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தைக்கு வந்தது என்ன என்பதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். வந்தவாசிப் பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் பேய் என்றார்கள். வேப்பிலையால் அடித்தார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், உடுக்கைக்காரன் ஒருவன் தலைமுடியைப் பிடித்து ஆட்டினான். அதற்கும் போகவில்லை என்று ஒரு கோயில் மண்டபத்தில் கொண்டுபோய்த் தூணோடு கட்டிப்போட்டார்கள். அங்கே அவளைப் போல நிறையப் பேர் வரிசையாக இருந்தார்களாம். பிறகு அந்த வீட்டில் வேறு மருமகள் வந்துவிட்டாள். எங்கள் தாத்தா அதைத் தலையெழுத்து என்றார். அம்மா செய்வினை என்றாள். செய்தவள் யார் என்றும் அவளுக்குத் தெரியும். அப்பா மட்டும், லேத்தில் பேரிங் போனால் சத்தம் வருகிற மாதிரி மண்டைக்குள் ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது என்றும், அதற்கு மருந்து இருக்கும் என்றும் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் போய்த் தூணிலிருந்து அவிழ்த்துக் கூட்டிவந்தார்.

மருந்தும் இருந்தது. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த மாத்திரையில் அத்தை தூங்கினாள், சாப்பிட்டாள், முடியைத் தானே வாரிக்கொண்டாள். கை மட்டும் லேசாக நடுங்கும். ஆனால் அந்த ஊர்ப்பெயர் எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. அதனால் அப்பா பஸ்ஸில் ஒருநாளும் அந்த நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்டதில்லை. அடுத்த நிறுத்தத்துக்கு வாங்கிக்கொண்டு, அங்கே இறங்கி, அத்தையை வெயிலில் திரும்ப நடத்திக் கூட்டிப்போவார். அக்கம்பக்கத்தில் கேட்டால் பல் டாக்டரிடம் போனதாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு உத்தரவு. அந்தக் கணக்குப்படி அத்தைக்கு வாயில் பல்லே மிஞ்சியிருக்கக் கூடாது.

அத்தைக்கு இடம் பின்புறம், முற்றத்தை ஒட்டித் தகரம் சார்த்திய தாழ்வாரத்தில். சாப்பாடு அலுமினியத் தட்டில் அங்கேயே போய்விடும். அம்மா கட்டிக் கிழிந்த புடவைகள் அவளுக்கு. முன்வாசல் பக்கம் வரக் கூடாது என்பது ஒன்றுதான் கண்டிப்பு. அவள் வலது கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருக்கும். அது கொலுசு போட்ட தழும்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு காலுக்கு மட்டும் ஏன் கொலுசு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கையில் காசு போதாமல் ஒன்று மட்டும் வாங்கியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தையை நினைத்தால் பிரியமும் வரும், கூசவும் செய்யும். என் தலையில் பேன் பார்ப்பதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. நடுங்குகிற கையோடு பொறுமையாக, யாரிடமோ பேசிக்கொண்டே பார்ப்பாள். ஆனால் ஒருநாள் வகுப்பில் ஒருத்தி, ‘உங்க ஊட்ல ஒரு கீழ்ப்பாக்கம் கீதாமே?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து தோழிகள் யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பேன் பார்க்கும்போது பின்கதவைச் சாத்தச் சொன்னேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அந்தக் கூச்சம் வீடு முழுவதற்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இஸ்திரி போடுகிறவர், டீக்கடைக்காரர், பால் பூத்தில் நிற்கிறவர் எல்லாரும் சாட்சிகள். ஒரு நல்ல இடம் எங்கள் தெருமுனை டீக்கடை வரை வந்து, டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது. இன்னொரு இடம் அதுகூடக் குடிக்கவில்லை. ரத்தத்திலேயே இருக்குமாம், பெண்ணுக்கு வரும், பெண் பெறுகிற பிள்ளைக்கும் வரும் என்று யாரோ சொன்னதாக அம்மா என்னையும் பார்த்துக்கொண்டே அழுதாள். அக்கா பின்கட்டுக்குத் தட்டு கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதாக வந்தது வானகரத்து இடம். பரம்பரையாக நிலம் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த இடமும் போனால் அக்காவுக்குக் கல்யாணமே இல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

பின்தெருவில் சேலத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போயிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அந்த அம்மாள் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தாள். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அத்தையிடம், பாவம் அவர்கள் வீடு அனாமத்தாகக் கிடக்கிறது, இருட்டுகிறவரை போய்க் காவல் இரு என்றாள். துணைக்கு நான். கையில் ஒரு டப்பா முறுக்கு. கதவைத் திறக்கவிடாதே என்று எனக்கு மட்டும் தனியாக உத்தரவு.

அத்தை அந்த வேலையை என்னைவிட மதித்தாள். உள்ளே போனதும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், தூசி தட்டினாள், ஒயர் நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டாள். நான் முறுக்கு டப்பாவோடு பாயில் படுத்து அந்த வீட்டுப் பிள்ளைகளின் படக்கதைப் புத்தகங்களில் மூழ்கிவிட்டேன். எப்போது அவள் முன்கதவைத் திறந்தாள் என்றே தெரியாது. கதவுக்குப் பின்னால் கொட்டாங்குச்சியில் கோலமாவு இருந்ததைப் பார்த்திருக்கிறாள். பல நாளாகப் பெருக்காத வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, படியிலிருந்து தெரு வரை ஒரு கோலம் போட்டிருந்தாள். நடுங்குகிற கைதான். ஆனால் ஒரு புள்ளிகூட வரிசை தப்பவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு வாசலே கிடையாதென்பதால், அவள் கோலம் போடுவாள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

இதில்தான் வினை வந்தது. வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால், பால் பூத் தாண்டித் திரும்பினால் வாசலில் பெரிய கோலம் போட்டிருக்கும், அதுதான் பெண் வீடு என்று அப்பா அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவும் எங்கள் வாசலில் பெரிதாகத்தான் போட்டிருந்தாள். வானகரத்துக்காரர்கள் பின்தெரு வழியாக வந்தார்கள். அத்தையின் கோலம் முதலில் கண்ணில் பட்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் எழுந்து ஓடுவதற்குள் அத்தை திறந்துவிட்டாள். தட்டில் பூவும் பழமுமாக மாப்பிள்ளையின் அம்மா, அவருக்குப் பின்னால் வேர்த்து வழிந்தபடி மாப்பிள்ளையின் அப்பா. அந்த அம்மாள் நல்ல ஆகிருதி. பேச்சு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

“இன்னாம்மா, பொண்ணு ஊடு இதானே?”

அத்தை தட்டில் இருந்த பூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டில் பெண் பார்க்க வருவதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தன்னை எதற்காக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பது அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவோரம் முறுக்கைக் கடித்தபடியே நின்றேன்.

“இது இல்லீங்க. முன் தெருவுல மூணாவது வீடு” என்றாள். “வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க.”

வாங்க என்று உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டினாள். அவர்கள் உட்கார்ந்ததும் தன் புடவைக் கரையை இழுத்துக் கணுக்கால் மறையும்படி விட்டுக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்த அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. விசாரிப்பதற்கென்று தெருத்தெருவாக அலைய வேண்டிய வேலையைக் கடவுளே வழியில் கொண்டுவந்து விட்டதாக நினைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“மன்சுல வச்சிக்காம ஒண்ணு சொல்லும்மா. உனுக்கும் பொண்ணு புள்ள இருக்கும். அந்த ஊட்டுல பைத்தியம் ஒண்ணு கீதுன்னு காதுல உழுந்துது. நெசமா?”

அத்தை தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. வழக்கமாகப் பேசுகிறவர்களோடு பேசத் தொடங்கிவிட்டாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவரலாமா என்று காலைக்கூட எடுத்துவிட்டேன்.

“இருந்தாங்க. அவரு தங்கச்சி” என்றாள் அத்தை. “இப்ப இல்லீங்க.”

“ஐயோ. பூட்டாளா? எப்போ?”

“ரொம்ப நாளாச்சுங்க.”

“புருசன்காரன்?”

“இருக்காரு. வேற கட்டிக்கினாரு.”

அந்த அம்மாள் நாக்கைத் தட்டி உச்சுக்கொட்டினாள். கெட்ட மனசுக்காரி இல்லை, கண்கூடக் கலங்கியது. “சரி உடு. அவுளுக்கும் நிம்மதி, இவுங்களுக்கும் நிம்மதி” என்றாள்.

“ஆமாங்க” என்றாள் அத்தை.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அத்தைக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பரீட்சையில் தெரியாத கேள்விக்குச் சரியான பதில் எழுதிவிட்ட மாதிரி நெஞ்சு லேசாகிவிட்டது. அவர்களை எங்கள் வீட்டுக்கு நான்தான் வழிகாட்டிக் கூட்டிப்போனேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை கோலத்துக்கு அந்தப் பக்கமே, படிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

பெண்ணைப் பிடித்துவிட்டது. பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்து தாம்பூலம் கைமாறுகிற நேரத்தில் அந்த அம்மாள் அப்பாவிடம், தங்கச்சி சங்கதி கேள்விப்பட்டோம், வருத்தப்படாதீங்க, பூட்டவங்களைப் பத்திப் பேசி இன்னா ஆவப் போவுது என்று ஆறுதல் சொன்னாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தார், பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். உயிரோடிருக்கிற தங்கைக்கு அவர் அன்று துக்கம் வாங்கிக்கொண்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எங்களுக்கு ஒன்றே போதுமாக இருந்தது, அதையும் நாங்கள் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு நடந்ததை நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா பின்தெரு வீடு வரை போனார். அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று அவளுக்குத் தட்டில் இரண்டு பஜ்ஜி கூடுதலாக வைக்கப்பட்டது.

பொய்யோடு விட்டிருந்தால் போயிருக்கும். எங்கள் வடக்குப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கன்னியாகவோ, தாலியோடோ செத்துப்போன வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். இல்லையென்றால் அவள் வாசலிலேயே நின்று கண்ணீர் விடுவாளாம். நாள் குறிக்க வந்த சம்பந்தியம்மாள் இதைத்தான் முதலில் கேட்டாள். சுமங்கலியாகப் போன பெண், அவளுக்குப் படைக்காமல் எப்படிப் பந்தக்கால் நடுவீர்கள், நானும் வருகிறேன் என்றாள். அதோடு, அந்தப் பின்தெருக் கோலக்கார அம்மாவையும் கூப்பிடுங்கள், அவள் வாய்ச் சொல்லில்தான் எனக்கு மனசு நின்றது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

லீவு முடிந்து வந்திருந்த சேலத்துக்கார அம்மாளிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவள், ‘அழாதீங்க, எங்க வீட்டுக்காரரோட அக்கான்னு சொல்லிக்கலாம்’ என்றாள். யோசிக்கக்கூட இல்லை. நாங்கள் சொல்லத் தயங்கிய உறவை ஒட்டு உறவு இல்லாதவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். உயிரோடிருக்கிறவளுக்குப் படைக்கலாமா என்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார். செத்ததாகச் சொன்னால் ஆயுசு கெட்டி, படைத்தால் இன்னும் கெட்டி என்று அம்மா அந்த நிமிடத்திலேயே ஒரு சாஸ்திரம் உண்டாக்கினாள். புடவை எடுக்க அப்பாவும் அம்மாவும் பூந்தமல்லிக்குப் போனார்கள். சம்பந்தி பார்க்கப் போகிறாள் என்பதால் மட்டமாக எடுக்க முடியாது. மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட புடவை. அத்தைக்கென்று எங்கள் வீட்டில் வாங்கிய முதல் புதுப்புடவை அதுதான். அவள் செத்த பிறகுதான் அது அவளுக்குக் கிடைத்தது.

பூவாடைக்காரியைக் கிணற்றங்கரையிலிருந்தோ குளத்தங்கரையிலிருந்தோ அழைத்துவர வேண்டும். குவார்ட்டர்ஸில் கிணற்றுக்கு எங்கே போவது? தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த குழாயடிக்குப் போனோம். பம்பைக்காரர் பம்பை அடித்தார். அப்பா மஞ்சள் பூசிய செம்பில் தண்ணீர் பிடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவாள் என்று பம்பைக்காரர் பெயரைக் கேட்டார். அப்பா சொன்னார்.

அத்தை சேலத்துக்கார அம்மாளுக்குப் பக்கத்தில், பூத்தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். பம்பைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தையின் பெயரை முழுசாகச் சொல்லி, “ஊட்டுக்கு வந்துடு தாயி” என்று கூப்பிட்டார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ரேடியோவுக்குப் பதில் சொல்கிறவள், மின்விசிறிக்குப் பதில் சொல்கிறவள், எங்கள் யார் காதிலும் விழாத குரலுக்கெல்லாம் என்னங்க என்று எழுந்து போகிறவள். பம்பைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். அத்தை பூவைப் பார்த்தபடியே நின்றாள். மூன்றாம் தரம் அவர் கூப்பிட்டபோது பாதிப் பெயரிலேயே அப்பா செம்போடு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். எல்லாரும் பின்னால் நடந்தோம். அத்தையும் வந்தாள்.

கூடத்தில் கொழுக்கட்டையும் வடையும் வைத்து, புடவையைக் கொசுவி, பூச்சுற்றி, வளையல் வைத்துப் படைத்தார்கள். எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். அத்தையும் கும்பிட்டாள். கும்பிடும்போது நெற்றி தரையில் பட்டதைப் பார்த்தேன். படைத்த புடவையை ஒரு சுமங்கலியோ கல்யாணப் பெண்ணோ கட்டிக்கொள்ள வேண்டும். அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். சம்பந்தியம்மாள் தடுத்துவிட்டாள்.

“பொண்ணுக்குத்தான் ஊடு பூரா புடவை வரப் போவுதே. இந்தக் கோலக்கார அம்மாவுக்குக் குடுங்க. ராசியான கை.”

அத்தையின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. யாராலும் மறுக்க முடியவில்லை. அம்மாதான் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கங்க என்றாள். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் அந்தக் கணத்தை இன்று நினைக்கிறபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. வெட்கத்தில் கழுத்து வரை சூடேறும். ஆனால் அன்று எனக்கு வெட்கமே இல்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று கொழுக்கட்டை நாலு தின்றேன்.

கல்யாணத்தில் அத்தை அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு சேலத்துக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எடுக்க வேண்டிய ஆரத்தியைத் தூரத்து உறவு ஒருத்தி எடுத்தாள். பிறகு ஆடிக்கு, தீபாவளிக்கு என்று சம்பந்திகள் வரும்போதெல்லாம் அம்மா அத்தையை அவசரமாகப் புடவை மாற்றச் சொல்லிப் பின்கதவு வழியாக அனுப்புவாள். அவள் வீட்டு வரிசையைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் முன்கதவைத் தட்டுவாள். ‘இருக்கீங்களா?’ என்பாள். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, ‘வாங்க வாங்க, உக்காருங்க’ என்பாள். நாற்காலி போடுவோம். எவர்சில்வர் டம்ளரில் காபி வரும். சம்பந்தியம்மாள் அவளிடம் கோலத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவாள். அத்தை அளந்து பதில் சொல்வாள். மேலே பார்க்கமாட்டாள். பொழுது போனதும், ‘வரேங்க’ என்று சொல்லிக்கொண்டு எழுந்து, சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொள்வாள். நாங்கள் ஒத்திகை பார்த்த நாடகம் போல அது நன்றாகவே நடந்துவந்தது.

அடுத்த கோடையில் ஒரு பகல். விருந்தாளி யாரும் வரவில்லை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்கதவு தட்டும் சத்தம் கேட்டது. நான் போய்த் திறந்தேன். மாம்பழக் கலர்ப் புடவையில், தலையைப் படிய வாரி, அத்தை படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

“இருக்கீங்களா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எழுந்து வந்து பார்த்தாள். எட்டிப்பார்த்துத் தெருவில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

“இன்னிக்கி யாரும் வரலை. பின்னாடி போ.”

“வெயில்ல வந்தேன். தண்ணி குடிச்சுட்டுப் போறேங்க.”

“முத்திப்போச்சு” என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் வைத்தேன். அத்தை அதைத் தொடவில்லை.

மறுநாளும் தட்டினாள். அதற்கு மறுநாளும் தட்டினாள். சில நாள் அம்மா திறந்தாள், சில நாள் திறக்கவே இல்லை. சாயங்காலம் அப்பா வந்ததும் நான்தான் முந்திக்கொண்டு போய்ச் சொல்வேன், அத்தைக்கு இது நம் வீடு என்பதே மறந்துவிட்டது, யாரோ வீடு மாதிரி வந்து கதவைத் தட்டுகிறாள் என்று. அப்பா அடுத்த முறை அவளைக் கூட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து, டாக்டரிடம் அதையே சொன்னார். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அத்தை பகலிலும் தூங்கினாள். கதவு தட்டுவது நின்றது. மருந்து வேலை செய்கிறது என்று அம்மாவுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

அந்தக் குவார்ட்டர்ஸில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு. நல்ல புத்தியோடு இருந்த என் அப்பாவே கதவு மாறிப் போய்க் காபி குடித்திருக்கிறார். வீட்டை மறந்துவிட்டாள் என்று நாங்கள் சொன்ன அத்தை அத்தனை நாளில் ஒருநாள்கூட வேறு கதவைத் தட்டவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.